கை எட்டாத இடம்

உட்காரக் கூடாது. சாயக் கூடாது. கையைத் தொடையோடு ஒட்டக் கூடாது, அக்குளில் வியர்த்தால் துடைக்கக் கூடாது, மூக்கு அரித்தால் முகத்தைச் சுளித்துத்தான் சமாளிக்க வேண்டும், ஏனென்றால் விடிகாலையிலிருந்து உடம்பெல்லாம் பூசிக் காயவைத்திருக்கும் இந்தக் கரும்பழுப்பு நிறம் எதன்மேல் பட்டாலும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு மேடை விளக்கில் அந்த இடம் மட்டும் சொறி பிடித்ததுபோலத் தெரியும். ஆகவே ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கைகளையும் உடம்பை விட்டு அகற்றி, கொல்லையில் நட்டுவைத்த வைக்கோல் பொம்மைபோல, கல்யாண மண்டபத்தின் பாத்திர அறையில், அண்டாக்களுக்கும் ஜல்லிக்கரண்டிகளுக்கும் நடுவில். மணமகள் அறை என்று கதவில் பொன்னெழுத்தில் எழுதிய ஓர் அறை மாடிப்படிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆளுயரக் கண்ணாடியும் ஏசியும் உள்ள அறை, பெண்ணுக்கென்றே கட்டிய அறை, அது சிறப்பு விருந்தினருக்காம். அவர் இன்னும் வரவில்லை. ஆளில்லாத அந்த அறையில் ஏசி ஓடுகிறது, குளிர் கதவிடுக்கால் கசிந்து படிக்கட்டில் வீணாய்ப் போகிறது, இங்கே ஜன்னல்கூட இல்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்றார் சங்கச் செயலாளர் காலையில். கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை எந்த எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது? புறவழிச்சாலையில் உப்பு லாரிகளை நிறுத்தி எடைபோடுகிற வேலை அவளுக்கு, பதினாறு சக்கர வண்டியை வெறுமையாகவும் பாரத்தோடும் நிறுத்தி அதன் பாரம் என்ன என்று சொல்லிவிடுவாள், ஆனால் பிறந்ததிலிருந்து ஆளுக்கு ஆள் வந்து கேட்டுவிட்டுப் போகிற இந்தக் கொஞ்சங்களையெல்லாம் கூட்டினால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் நகர்ந்துக்கோ, கொஞ்சம் பொறுத்துக்கோ, கொஞ்சம் சிரிச்ச முகமா இரு. வாசலில் கட்டிய பேனரில் மாவட்ட ஆணழகன் போட்டி என்று ஆளுயர எழுத்து, அதன் கீழ்மூலையில், ஓட்டல் பலகையில் பார்சல் வசதி உண்டு என்று போடுவார்களே அந்த அளவில், மகளிர் பிரிவும் உண்டு. மகளிர் பிரிவு காலையில் முதல் என்று சொன்னார்கள். அதை நம்பித்தான், தோல் வற்றித் தசை வரிவரியாய்த் தெரிய, நேற்று மாலையோடு தண்ணீரை நிறுத்தினாள், அதை நம்பித்தான் விடிந்ததும் பொரியும் வெல்லமும் தின்றாள், உடம்பு என்பது அடுப்பில் வைத்த பால், பொங்கி எழும் அந்த நொடியில் இறக்கியாக வேண்டும், முந்தினால் பச்சை, பிந்தினால் அடுப்பெல்லாம் நுரை. இப்போது மதியச் சாப்பாட்டின் சாம்பார் வாசம் வருகிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பெண்கள் பிரிவை விருந்தினர் வந்த பிறகு வைத்தால்தான் போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம்.

கோபப்படாதே, கோபப்பட்டால் வியர்க்கும், வியர்த்தால் வழியும் என்றது உள்ளே இருக்கும் ஆள். மாஸ்டர் இல்லாதவள் தனக்குத் தானே மாஸ்டராக இருந்தால் இப்படித்தான், ஒரே உடம்புக்குள் இரண்டு பேர் குடித்தனம், ஒருத்தி சொல்வாள், ஒருத்தி செய்வாள். எடைமேடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இந்தக் குடித்தனம் தொடங்கியது. உடைந்த லாரியின் அச்சு ஒன்று, பழைய பிரேக் டிரம்கள், சிமென்ட் ஊற்றி இறுக வைத்த பெயின்ட் டப்பாக்கள், ஒரு பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடி. இன்னும் ஒண்ணு என்பாள் சொல்கிறவள். முடியாது என்பாள் செய்கிறவள். முடியாதுன்னா ரெண்டு என்பாள் சொல்கிறவள். வெளியே லாரி வந்து ஆரன் அடிக்கும், அச்சைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் "பின்னால எடு, இன்னும் பின்னால, போதும், நிறுத்து" என்று கத்திவிட்டு, எடையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வந்து அச்சைத் தூக்குவாள். அந்தப் பெரிய மேடையில் ஆளில்லாத நேரம் தானே ஏறி நிற்பதும் உண்டு. டன் கணக்கில் பார்த்துப் பழகிய மேடை அது, பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும், அவள் இடுப்பு கரைந்து, கன்னம் ஒட்டி, தோளில் புதிதாக ஒரு குன்று முளைத்து எல்லாம் ஆன பிறகும் அறுபது என்றே சிவப்பு விளக்கில் காட்டிக்கொண்டிருந்தது. நடந்ததெல்லாம் அதன் கண்ணுக்கு ஒன்றுமேயில்லை. மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கோடு போய்வருகிற புருஷன் ரொசாரியின் கண்ணும் ஏறக்குறைய அப்படித்தான், "போறதுன்னா போ, என்கிட்ட கேக்காத, நான் பாக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான், அதையும் ஒரு சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள், பெண்ணுக்குக் கிடைக்கிற சம்மதங்கள் பாதிக்குமேல் அந்த ஜாதிதானே. அது போகட்டும். அவளை உண்மையில் குத்தியது வேறு. ஒரு நாள் அச்சைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது, உள்ளே இன்னும் ஒண்ணு என்று அதட்டிய குரல் பெண் குரலே இல்லை என்று பட்டது. அது செல்லத்துரை மாஸ்டரின் குரல். அதே இழுப்பு, அதே தொண்டைச் சளி. அவருடைய உடற்பயிற்சி நிலையத்தை விட்டு அவள் வெளியே வந்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகிறது, அவர் அவளை விட்டு வெளியே போகவில்லை. வாடகை கொடுக்காமல் உள்ளே குடியிருக்கிறார். தின்னும்போது அவர்தான் உப்பை எடுக்காதே என்கிறார், உறங்கும்போது அவர்தான் நாளைக்குக் காலுக்குப் பயிற்சி என்கிறார். உப்பளத்து வீட்டில் பிறந்தவள் உப்பில்லாத சீலா மீனை அவித்துத் தின்றுகொண்டு, நானே எனக்கு மாஸ்டர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு.

அவர் நிலையத்தில் பெண்களுக்கென்று காலையில் ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார். ஆண்கள் வருவதற்குள் வியர்வையைத் துடைத்துவிட்டுப் போய்விட வேண்டும், பெஞ்சையும் துடைத்துவிட வேண்டும். "உங்களுக்கெல்லாம் கொழுப்பு கொறஞ்சா போதும்மா, அதுக்குமேல என்னத்துக்கு" என்பார். மேடை ஏற வேண்டும் என்று அவள் கேட்ட அன்று சிரித்தார், அவர் சிரித்ததைப் பார்த்து உள்ளே வந்துகொண்டிருந்த பையன்களும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். "நாப்பது வயசுல மேடையா? எந்த மேடை, கல்யாண மேடையா?" சரி, அந்தச் சிரிப்பையாவது மறக்கலாம். அதற்கு முந்திய வாரம் நடந்ததை யாரிடமும் சொல்லவுமில்லை, சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. கம்பியை இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து முதுகின் நடுவில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் இடையில், உள்ளங்கையை வைத்து, "இந்த எடம் சுருங்கணும், பாத்துக்கோ, இந்த எடம்" என்றார். மாஸ்டர்கள் தொட்டுத்தான் சொல்வார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கை சொல்லி முடித்த பிறகும் அங்கேயே இருந்தது. இவ்வளவு நேரம் என்று விரல்விட்டுச் சொல்ல முடியாது, போலீசில் சொல்ல முடியாது, தங்கையிடம்கூடச் சொல்ல முடியாது, சொன்னால் அவ்வளவுதானா என்பாள், ஒரு பெருமூச்சின் அளவு கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் இன்னும் அங்கேயே இருக்கிறது. கையெட்டாத இடம். சோப்புப் போட்டுத் தேய்க்கக்கூட எட்டாத இடம். உடம்பில் எத்தனையோ இடம் இருக்க மனுஷன் அங்கே பார்த்தா வைப்பான்.

தங்கை அமலி வருவதாக இருந்தது. முதுகுக்கு அவள்தான் நிறம் பூசுவதாக இருந்தது. விடிகாலையில் போன் அடித்தாள். "அக்கா, எங்க வீட்டுல அவிய விடமாட்டேங்காவ. கோயில்ல யாரும் பாத்தா என்ன சொல்லுவாகன்னு கேக்காவ." "நீயாட்டி மேடையில நிக்கப் போற? என் முதுகுலதான பூசப் போற?" "இல்லக்கா, அங்க வந்து நின்னாலே..." என்று இழுத்துவிட்டு அமலி அழுதாள், அழுவதற்கும் அவளுக்குத்தான் உரிமை இருந்தது, ஜெசிந்தா அழுதால் முகத்துப் பூச்சு கோடு விழும். ஆகவே அழாமல், வீட்டில் சுவருக்கு வெள்ளையடித்த ரோலரை ஒட்டடைக் குச்சியில் கட்டி, நிறத்தை ஊற்றி, தன் முதுகைத் தானே ஒரு சுவர்போலப் பூசிக்கொண்டாள். சிரிப்பு வந்தது. ரோலர் பாதி நிறத்தைக் குடித்துவிட்டது, வாங்கிய பாட்டில் அதோடு காலி. பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் எவர்சில்வர் தாம்பாளத்தைப் பிடித்து, அதில் தெரிந்த கலங்கலைப் பார்த்து, முடிந்தது என்று தீர்மானித்தாள். வெறும் விளக்கு வெளிச்சம், துண்டுதுண்டாய்த் தெரிந்த முதுகு. அவளுடைய முதுகை அவள் எப்போதுமே இப்படித்தான் பார்த்திருக்கிறாள், போனை ஜன்னலில் சாய்த்து எடுத்த படங்களில், எடுத்து முடித்த பிறகு, யாரோ ஒருத்தி முன்னால் நடந்து போவதைப்போல. நிறம். நினைத்தால் வயிறெரிகிறது. பிறந்ததிலிருந்து கறுப்பி. மஞ்சளை அரைத்துப் பூசிய அத்தைமார், பயத்தமாவு, பாலாடை, எலுமிச்சந்தோல், கடைசியில் ஒரு சிவப்பழகு கிரீம், பிதுக்கிப் பிதுக்கிச் சப்பையாய்ப் போன அந்த டியூபைக் கத்தரித்து உள்ளே விரல் விட்டு வழித்துப் பூசியவள் அம்மாதான். பெண் பார்க்க வந்த வீட்டுக்காரர்கள் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ள நல்ல பிள்ளதான், கலர் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அங்கேயும் ஒரு கொஞ்சம். அத்தனை பேரும் அத்தனை வருஷமாய் வெளுக்க வைக்கப் பார்த்த அதே தோலைப் பார்த்து, போட்டிக்குப் பேர் கொடுக்கப் போன அன்று மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள் சொன்னார், "இந்தக் கலர் பத்தாதும்மா. லைட்டுல வெளிறிப்போவும். நல்லா கறுப்பா அடிச்சிட்டு வாங்க." அன்று அவள் வீடு திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள், பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். எல்லா இடத்திலும் கூடுதல், அல்லது எல்லா இடத்திலும் குறைவு. சரியாக இருப்பது என்பது எந்த ஊரில் கிடைக்கிறது, அதற்கு எந்தப் பஸ்.

"அக்கா, கால மாத்தி நில்லுங்க, கெண்டை பிடிச்சிக்கிடும்" என்றாள் இசக்கியம்மாள். அம்பாசமுத்திரத்துக்காரி, போலீஸ்காரி, போட்டிக்கு வந்த மூன்று பெண்களில் இன்னொருத்தி, மூன்றாவது பெண் மதுரைக்காரி, அவளுக்கு அவள் புருஷனே மாஸ்டர், வெளியே வராந்தாவில் விசிறிக்கொண்டு நிற்கிறான். இசக்கியும் கையை அகற்றித்தான் நின்றாள். இரண்டு பேரும் நிற்பதைப் பார்த்தால் ஒருத்தியை ஒருத்தி தழுவிக்கொள்ள வந்து பாதியில் மறந்துபோன மாதிரி இருந்தது. "சாம்பார்ல காயம் கொஞ்சம் தூக்கல்" என்றாள் இசக்கி மூக்கை உறிஞ்சி. "மோந்து பாத்தே வயிறு நெறையுதா?" "நெறையிற மாதிரி ஒரு நெனப்புதான்." அப்போதுதான் கதவுக்குக் கட்டியிருந்த போர்வையை விலக்கிக்கொண்டு செல்லத்துரை மாஸ்டர் உள்ளே வந்தார். தட்டவில்லை. தொண்டையைக் கனைக்கவில்லை. நெஞ்சில் சங்கத்தின் துணைத்தலைவர் என்று ரிப்பனில் தொங்கியது. "என்ன ஜெசிந்தா, மாஸ்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லாம வந்துட்ட? ஏட்டி, திரும்பு பாப்போம்." பத்து மாதம் தகரக் கொட்டகையில் யாருக்கும் திரும்பாதவள் திரும்பினாள். கால் தானே திரும்பியது. அதை நினைத்து இனி எத்தனை நாள் உறக்கம் கெடப்போகிறதோ. "அடடா. நல்லா கொண்டாந்திருக்கியே. தோளு, முதுகுல இந்த லேட்ஸு எல்லாம் நம்ம போட்ட அஸ்திவாரம்லா." கிட்டே வந்து குனிந்தார். "இது என்ன, முதுகுல நடுவுல ஒரு எடம் வெள்ளையா கெடக்கு?" அவள் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பினாள், திருப்பியும் என்ன, நாய் தன் வாலைப் பார்ப்பது மாதிரிதான். "உள்ளங்கை அகலத்துக்கு விட்டுப்போச்சு. யாரு பூசினா?" "நான்தான்." "அதான." சிரித்தார். அதே சிரிப்பு. "தன் முதுக தானே பூச முடியுமாட்டி? அதுக்குத்தான் மாஸ்டர்னு ஒருத்தன் வேணும்ங்கறது. ஒண்ணும் கவலப்படாத. என்கிட்ட கலர் இருக்கு. மேடைக்குப் போகும்போது சைடுல நிப்பேன். நானே பூசி விடுதேன். மைக்ல நம்ம நெலையம் பேரு வரும், அவ்வளவுதான். மத்தவுக மாதிரி கால்ல விழ வேண்டாம், சும்மா லேசா குனி, போட்டோவுக்கு." போர்வையை விலக்கியபடி திரும்பிச் சொன்னார், "அப்படியே போனேன்னு வையி, முதுகப் பாக்கும்போது மார்க்கு அப்படியே விழுந்திரும். யோசி." போய்விட்டார். போர்வை ஆடி நின்றது. "எங்க மாஸ்டர்ட்ட கலர் கேக்கட்டாக்கா?" என்று இசக்கி கேட்டுவிட்டு, கையை அகற்றினபடியே வெளியே போய், கொஞ்ச நேரத்தில் முகம் தொங்கித் திரும்பி வந்தாள். "தரமாட்டேங்காரு. செல்லத்துரை அண்ணாச்சிய பகச்சிக்கிட்டா அடுத்த வருசம் எங்க பசங்கள கீழ எறக்கிருவாராம்." பிறகு தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். "வேணும்னா என் வயித்துல கொஞ்சம் தேச்சு எடுத்துக்கிடுங்க. இங்கதான் எனக்கு கட்டு எதுவும் தெரியல, எப்படியும் மார்க்கு கெடையாது." ஜெசிந்தா சிரித்தாள், சிரித்ததில் வறண்ட உதடு வெடித்து ஒரு துளி ரத்தம் வந்தது, நாக்கால் தொட்டாள், உப்பாக இருந்தது, பல நாளுக்குப் பிறகு உப்பு.

வெள்ளையா கெடக்கு. நாற்பத்தொரு வருஷத்தில் அவள் உடம்பைப் பார்த்து ஒரு வாய் வெள்ளை என்று சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் குறையாக. இதை எந்த அத்தையிடம் போய்ச் சொல்ல. ஒரு உள்ளங்கை அகலம், அவ்வளவுதானே, பூசிக்கொள்ளேன் என்றது உள்ளே இருக்கும் ஆள், இழுப்பும் சளியுமான அந்தக் குரல், பத்து மாதத்தை ஒரு உள்ளங்கைக்காகத் தொலைப்பாயா, ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொள், பூசி முடித்ததும் மேடை, மேடை முடிந்ததும் கோப்பை, கோப்பையில் அவர் பேரா எழுதியிருக்கும்? நியாயமாகத்தான் இருந்தது. அந்தக் குரல் எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மைக்கில் ஒரு தடவை அவர் பேர் வந்துவிட்டால் இந்தத் தோள் அவர் தோள், இந்தத் தொடை அவர் தொடை, பிரேக் டிரம்மும் பெயின்ட் டப்பாவும் இல்லை, தகரத்தின் கீழே ஆவி பறக்க நின்ற சித்திரை வெயில் இல்லை, லாரி ஆரனுக்கு இடையில் திருடிய நேரம் இல்லை, எல்லாம் அவர் போட்ட அஸ்திவாரம். அந்தப் புகைப்படம் அவர் நிலையத்துச் சுவரில் தொங்கும். புதிதாக வரும் பெண்களிடம் காட்டுவார், நம்ம கையிலதான் வளந்துச்சு. பிறகு அந்தப் பெண்களின் முதுகிலும் இந்த எடம் சுருங்கணும் என்று. எங்கே விட்டுப்போயிற்று பார், உடம்பில் இவ்வளவு இடம் இருக்க, குச்சியில் கட்டிய ரோலர் சரியாக அந்த இடத்தைப் பார்த்து விட்டுவிட்டது. அந்த இடமா வேண்டாம் என்றது, ரோலரா மறுத்தது? தண்ணீர் இல்லாத மூளை இப்படியெல்லாம் நினைக்கும். கண்ணுக்கு முன்னால் அண்டாவின் ஈயப்பளபளப்பு கொஞ்சம் அலைந்தது, வெயிலில் உப்புப் பாத்தி அலைவதுபோல. உப்பளத்து வரப்பில் அம்மா முன்னால் போகிறாள், தலையில் உப்புக் கூடை, பின்னால் ஜெசிந்தா, சின்னப் பிள்ளை, தூக்குவாளியோடு. அவள் பார்த்ததெல்லாம் அம்மாவின் முதுகுதான். ஊதா ரவிக்கை. அதன் நடுவில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், வியர்வை காய்ந்து காய்ந்து ஒரு வெள்ளைத் திட்டு, ஓரம் மட்டும் ஈரம், தினமும் அதே இடத்தில். துவைத்தால் போகும், மறுநாள் மத்தியானம் வந்துவிடும். கூடையை ஏற்றி இறக்கும்போது அந்தத் திட்டின் அடியில் இரண்டு பக்கமும் எதுவோ விரிந்து மடங்கும், ஒரு பெரிய பறவை எழுந்து பறக்க நினைத்து வேண்டாம் என்று உட்காருவதுபோல. அப்படி ஒரு முதுகை அவள் இன்றுவரை எந்த மேடையிலும் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை, அவளுக்குத்தான் முதுகைப் பார்க்க எது நேரம். அதற்கு எவன் மார்க் போட்டான். எவன் விளக்கு அடித்தான், எவன் கைதட்டினான். இன்னும் ரெண்டு கூடை, வெரசா என்றுதானே கத்தினான் கங்காணி. கூலியை வாங்கிக்கொண்டு குனிந்து வணக்கம் சொன்னாள் அம்மா. கூலி அவளுடையது, ஆனாலும் குனிந்தாள். சும்மா லேசாக.

வேட்டுப் போட்டார்கள். விருந்தினர் வந்துவிட்டார். மண்டபத்துக் கதவுகளுக்கு வெளியே நாதஸ்வரத்தைப் போன்ற ஏதோ ஒன்று ஸ்பீக்கரில் அழுதது, சால்வை, மாலை, இன்னொரு சால்வை, பிறகு பேச்சு. தாய்க்குலம் வீட்டின் கண்கள் என்றார் விருந்தினர், வீரமங்கையர் பிறந்த மண் என்றார், பெண்கள் உடம்பைப் பேணினால்தான் நல்ல பிள்ளைகளைப் பெற முடியும் என்றார், கைதட்டினார்கள், இசக்கியம்மாள் போலீஸ் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னாள். பேச்சு முடிவதாக இல்லை. ஜெசிந்தாவின் வலது கெண்டைக்கால் தனியாக ஒருமுறை துள்ளி அடங்கியது. பயம் இப்போதுதான் வந்தது, கோபத்தின் பின்னால் ஒளிந்து நின்றிருந்தது, முதுகின் அந்த இடத்தில் குளிர்ந்த காற்று படுவதுபோல. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜன்னல் திறந்து கிடக்கிறது, அதன் வழியாக எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு பேர் கூப்பிட்டார்கள், மூன்று பெண்களும் போனார்கள், மேடைப் பக்கவாட்டில் வரிசையாக நின்றார்கள். மதுரைப் பெண் தன் புருஷனின் காலைத் தொட்டாள். இசக்கி அவள் மாஸ்டரின் காலைத் தொட்டுவிட்டு ஜெசிந்தாவைப் பார்க்காமல் நகர்ந்தாள். செல்லத்துரை மாஸ்டர் கையில் நிறம் நனைத்த பஞ்சோடு தயாராக நின்றார், பக்கத்தில் போட்டோக்காரன். "வா, வா, நேரமாச்சு, திரும்பு." பஞ்சிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இந்தத் தடவை கால் திரும்பவில்லை. கூப்பிட்டுச் சொல்லவேண்டியிருக்கும் என்று பயந்தாள், சொல்லவேண்டியிருக்கவில்லை, அது தானே நின்றது. "வேண்டாம் மாஸ்டர்." "என்ன வேண்டாம்?" "வேண்டாம்." "கோட்டி பிடிச்சிருக்காட்டி? அசிங்கமா தெரியும்." "தெரியட்டும்." மைக்கில் பேரை அறிவிக்கிற மைக்காரர் குனிந்து கேட்டார், "அக்கா, உங்க மாஸ்டர் பேரு?" "ஜெசிந்தா." "அது உங்க பேருல்லாக்கா. மாஸ்டரு?" "அதுவும் அவதான்." மைக்காரர் செல்லத்துரையைப் பார்த்தார், செல்லத்துரை போட்டோக்காரனைப் பார்த்தார், பஞ்சு இன்னொரு சொட்டு சொட்டியது. மைக்காரருக்கு யாரையும் பகைத்துக்கொள்ள விருப்பமில்லை. நிலையத்தின் பேரும் சொல்லாமல், மாஸ்டர் பேரும் சொல்லாமல், ஊர்கூடச் சொல்லாமல், "அடுத்து, மூன்றாம் எண், ஜெசிந்தா" என்று வாய்க்குள் விழுங்குவதுபோலச் சொன்னார். மொட்டையாக ஒரு பேர். அது மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பி வந்து அவள் காதில் விழுந்தது, பரவாயில்லாத பேர்தான்.

மேடை சூடாக இருந்தது. முன்பக்கம் எல்லாம் நடந்தது, எப்படி நடந்தது என்று தெரியாது, வயிறு, தொடை, பக்கவாட்டு மார்பு, சிரிப்பு, சிரிக்கும்போது உதட்டு வெடிப்பு எரிந்தது, எதிரே விளக்குக்குப் பின்னால் இருட்டில் யார் யாரோ இருமினார்கள். "பின்னால் திரும்புங்க" என்றது நடுவர் மைக். திரும்பினாள். இப்போது அவளுக்கு முன்னால் இருந்தது நேற்றைய கல்யாணத்தின் திரை, பிடுங்கியது போக ஒட்டியிருந்த இரண்டு தெர்மோகோல் எழுத்து, வாடிய ஒரு சம்பங்கிச் சரம். அவளுக்குப் பின்னால் இருந்தது மண்டபம் முழுவதும். கைகளை உயர்த்தி மடக்கினாள். எங்கோ முன்வரிசையில் ஒருத்தன், "ஏல, முதுகுல பாரு, பெயின்ட் விட்டுப்போச்சு" என்றான். சிரித்தார்கள். ஒரு அலை வந்து முதுகில் அடிப்பதுபோல அடித்தது, அவள் அதன்மேல் முதுகை இன்னும் விரித்தாள். அந்த இடம் சுருங்கியது. யாரும் கை வைக்காமல், அதுவாக, எலும்பும் எலும்பும் கிட்ட வந்து, அதன் இரண்டு பக்கமும் எதுவோ எழுந்தது. அவளால் பார்க்க முடியாது. அவர்கள் பார்க்கிறார்கள். விடிகாலையில் பூசிய அத்தனை கறுப்புக்கும் நடுவில் அவள் நிறம் மட்டும் அங்கே இருக்கிறது, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்களே அந்த நிறம். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, அல்லது அவள் காதில் ரத்தம் இரைந்தது.  "ரிலாக்ஸ்" என்றது மைக். பக்கத்தில் இசக்கியின் கைகள் இறங்கின, மதுரைப் பெண்ணின் கைகள் இறங்கின. பிடி என்றது உள்ளே. அவள் காது கொடுத்துக் கேட்டாள், யார் சொன்னது. இழுப்பு இல்லை, சளி இல்லை. கரகரத்த, நேற்றிலிருந்து தண்ணீர் காணாத குரல், ஆரன் சத்தத்துக்குமேல் இன்னும் பின்னால, இன்னும் பின்னால என்று கத்திக் கத்தி உடைந்துபோன குரல். பிடி. "மூணாம் நம்பர், ரிலாக்ஸ்" என்றது மைக் மறுபடியும், இந்தத் தடவை எரிச்சலாக. கெண்டைக்கால் துள்ளியது, கண்முன் தெர்மோகோல் எழுத்துகள் இரண்டும் நாலாகின, முதுகு முழுவதும் மண்டபத்துக்குத் திறந்து கிடந்தது. விடு என்று உள்ளே இருப்பவள் இன்னும் சொல்லவில்லை.